ஓனர் டைரக்ட்!

'விற்பனைக்கு. தளி ரோடு அருகில் 4 சென்ட் இடத்தில் வீடு. கிழக்குப் பார்த்த வாசல். போர் தண்ணீர் உண்டு. ஓனர் டைரக்ட். புரோக்கர்கள் அணுக வேண்டாம்.'

உடுமலைப்பேட்டையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் அத்துப்படி. கிழக்கு வாசல், போர் தண்ணீர் எல்லாம் அப்புறம். நம் கண் நேராகப் போய் நிற்பது கடைசி வரியில்தான். 'அப்பாடா, கமிஷன் மிச்சம்!'

எவ்வளவு மிச்சம்? ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், ஒரு பர்சென்ட், ரெண்டு பர்சென்ட் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வீடு 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பர்சென்ட் என்றால் 40,000. ரெண்டு என்றால் 80,000.

இதே வீட்டுக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு கட்டுவீர்கள் தெரியுமா? தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் மாற்றியமைத்த கணக்குப்படி முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகமொத்தம் 9. நாற்பது லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். அதைப் பேரம் பேசாமல், முகம் சுளிக்காமல் கட்டிவிட்டு வருகிறோம். தரகர் கேட்கும் 40,000-க்கு மட்டும் வயிறு எரிகிறது.

காரணம் இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கட்டினால் கையில் ஒரு பத்திரம் வருகிறது. தரகருக்குக் கொடுத்தால்? 'அந்த ஆள் என்னங்க பண்ணினாரு? கூட்டிட்டுப் போய் ஊட்டைக் காட்டினாரு. ஒரு டீயும் குடிச்சாரு. அதுக்கு எண்பதாயிரமா?'

நியாயமான கேள்விதான். ஆனால், புதிய கேள்வி இல்லை. தரகர் எதை விற்கிறார், அவர் இல்லாமலே முடித்துக்கொண்டால் மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது, முதுகுக்குப் பின்னால் முடித்துக்கொண்டால் என்ன ஆகும்... இதற்கெல்லாம் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில், தரகரே இல்லாமல் வீடு விற்ற காலத்துக்குப் போவோம்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூறு ஆண்டுகள் பெயரளவில்தான் தெரிந்த நூல். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடியை 1905-ல் ஷாமசாஸ்திரி அடையாளம் கண்டார். 1909-ல் அச்சில் வந்தது. அதில் வீடு, நிலம் விற்கும் முறைக்கென்று தனியாக விதிகள் இருக்கின்றன.

விற்க நினைப்பவர் முதலில் சொந்தக்காரர்களைக் கேட்கவேண்டும். அடுத்து அக்கம்பக்கத்தார். அதற்கடுத்து கடன் கொடுத்தவர்கள். இவர்கள் யாரும் வேண்டாம் என்றால்தான் வெளியாள். அக்கம்பக்கத்தில் நாற்பது குடும்பத்தார் கூடியிருக்க, வீட்டு வாசலிலேயே நின்று, எல்லை இது, விலை இது என்று அறிவிக்கவேண்டும். 'இந்த விலைக்கு வாங்குவார் உண்டா?' என்று மூன்று முறை கூவியும் எதிர்ப்பேச்சு வராவிட்டால், கேட்டவர் வாங்கிக்கொள்ளலாம். போட்டியில் விலை ஏறினால் ஏறிய தொகை கஜானாவுக்கு!

இந்த ஏற்பாட்டில் தரகருக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா? யார் விற்கிறார் என்ற சேதியை நாற்பது குடும்பம் கேட்டாகிவிட்டது. விலை ரகசியமில்லை. வில்லங்கம் இருந்தால் கடன்காரரே அங்கே நிற்கிறார். இன்றைக்குத் தரகர், வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன் என்று நாம் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கும் மூன்றும் அந்த வாசலில் இலவசம்.

நம் கிராமங்களிலும் ரொம்பக் காலம் கதை இதுதான். எந்தக் காடு யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்த வீட்டு அண்ணன் தம்பிக்குள் தகராறு என்பது ஊருக்கே தெரியும். தெரிந்த விஷயத்தைச் சொல்ல யாரும் காசு கேட்க முடியாது.

தரகர் எப்போது வருகிறார்? முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும்போது.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைக்குப் போகவேண்டும். பொள்ளாச்சி சந்தை, கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை... எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள். நடுவில் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கை மேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை நடக்கும். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் எண் வெளியே தெரியாது. விற்கிறவர் கடைசியாக எதற்கு இறங்குவார், வாங்குகிறவர் கடைசியாக எதற்கு ஏறுவார் என்ற இரண்டு எண்ணும் தெரிந்த ஒரே ஆள் துண்டுக்காரர்தான்.

கௌடில்யரின் வாசலில் விலையைக் கூவினார்கள். சந்தையில் அதே விலை துணிக்குள் போய்விட்டது. தரகர் விற்பது மாட்டை இல்லை, அந்தச் சேதியை. வீட்டுத் தரகும் அப்படியே. செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் அல்ல, 'இன்னார் விற்கிறார், இன்னார் வாங்குவார்' என்ற இரண்டு வரித் தகவலுக்குத்தான் அந்த ஒன்று, ரெண்டு பர்சென்ட்.

அரசாங்கம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. எப்போது என்கிறீர்கள்? குறைந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே!

நாகப்பட்டினத்தில் இருந்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் ராஜராஜன் சுமார் 1006-ல் கொடையாகக் கொடுத்தான். அந்தச் செப்பேட்டை லெய்டன் செப்பேடு என்று சொன்னால் பலருக்கும் தெரியும். ஊரிலிருந்து வரவேண்டிய வரிகளின் பெயரெல்லாம் அதில் வரிசையாக வரும். குயவர் மீது குசக்காணம், நெசவுக்குத் தறிப்புடவை, பொற்கொல்லருக்குத் தட்டாரப்பாட்டம், ஓடத்துக்கு ஓடக்கூலி. தறிப்புடவைக்கும் தட்டாரப்பாட்டத்துக்கும் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது ஒரு பெயர்: தரகு.

அது வீட்டுத் தரகு இல்லை. சந்தையில் சரக்கு கைமாறும்போது வரும் தரகாகத்தான் இருக்கவேண்டும். ஆனால், தரகு என்பது வரி போடும் அளவுக்கு ஒரு வருமானம் என்பது சோழர் காலத்திலேயே கணக்கில் ஏறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கெல்லை இருக்கும். சாட்சிக் கையெழுத்து இருக்கும். எழுதிய கணக்கன்கூட 'இது என் எழுத்து' என்று பெயர் போட்டுக்கொள்வான். பேசி முடித்தவர் என்று ஓர் ஆளுக்கு அந்த வாசகத்தில் தனி இடம் கிடையாது. இன்றைய கிரயப் பத்திரத்தைப் புரட்டுங்கள். அதே கதை. பத்திரம் எழுதியவரின் லைசென்ஸ் நம்பர்கூட இருக்கும். வியாபாரத்தைக் கூட்டி வைத்தவருக்கென்று ஒரு வரி இருக்காது. மிஞ்சிப்போனால் சாட்சியாக ஒரு கையெழுத்து. வரிப் பட்டியலில் உண்டு, பத்திரத்தில் இல்லை. தரகரின் ஆயிரம் ஆண்டு நிலைமை இதுதான். பாதிப் பிரச்னைகளுக்கு வேரும் இதுதான்.

அடுத்த பெரிய திருப்பம், வெள்ளைக்காரன் காலத்தில். 1639-ல் பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கினாரே, அப்போது நடுவில் நின்று பேசியவர் பேரி திம்மப்பா என்ற துபாஷி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆக, சென்னைப் பட்டணமே நடுவாள் வைத்துப் பேசி முடித்த இடம்தான்!

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபிறகு கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. பின்னால் ரயத்துவாரி வந்தது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வரி கட்டுவார். அவரே விற்கலாம், அடமானம் வைக்கலாம். நிலம் என்பது மெல்ல மெல்லக் கைமாறும் சரக்கு ஆனது. 1864-ல் பதிவுச் சட்டம் வந்தது. 1882-ல் சொத்துரிமை மாற்றுச் சட்டம். விற்பவர் எதையெல்லாம் சொல்லியாகவேண்டும், வாங்குபவர் எதையெல்லாம் செய்யவேண்டும் என்று அதன் 55-ஆவது பிரிவு வரி வரியாக அடுக்குகிறது. தரகர்? அங்கேயும் பேச்சே இல்லை.

அவர் ஒளிந்திருப்பது பத்து வருஷம் முந்தைய இன்னொரு சட்டத்தில். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். பி.காம். படித்தவர்கள் இதை நெட்டுருப் போட்டிருப்பார்கள். அதில் ஏஜென்ட்டுகளைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மூன்று விஷயத்தை மட்டும் உங்களுக்காகப் பிரித்தெடுக்கிறேன்.

பிரிவு 219: வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கூலி. பிரிவு 220: வேலையில் தப்புத்தண்டா செய்தால் அந்த வேலைக்குக் கூலி இல்லை. பிரிவு 216: உங்களுக்குத் தெரியாமல் அவரே உள்ளே புகுந்து வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம்.

எல்லாம் சரி. உடுமலைக்கு இது எப்போது வந்து சேர்ந்தது?

வெளியாட்கள் வந்தபோது. 1950-களில் அமராவதி அணை, 1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் திருமூர்த்தி அணை. வானம் பார்த்த பூமியில் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தது. அதற்கப்புறம் காற்று! பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்றை நம்பி, 1990-களில் இருந்து பூளவாடி, கேத்தனூர், குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தன. காற்றாலை போட்ட கம்பெனிகளுக்கு வருமான வரியில் துரிதத் தேய்மானச் சலுகை. எங்கோ இருக்கும் கம்பெனிக்கு இங்கே எந்தத் தோட்டம் யாருடையது என்று எப்படித் தெரியும்? உள்ளூர் ஆள் வேண்டும். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகி, கோவை மாவட்டத்தில் இருந்த உடுமலை அதில் சேர்ந்தது. பனியன் பணமும் பஞ்சாலைப் பணமும் இடம் தேடி வந்தன. நேற்றுவரை தேங்காய் வியாபாரம் பேசியவர், மாட்டுச் சந்தையில் துண்டு போட்டவர் எல்லாம் 'மீடியேட்டர்' ஆனார்கள். பேர்தான் புதுசு. தொழில் அதே துண்டு.

துண்டுக்குள் நடப்பதில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 'எனக்குக் கையில 38 வரோணும். மேல வர்றது உம்பட சாமர்த்தியம்.' இப்படி ஓனர் சொல்லிவிட்டால், தரகர் உங்களிடம் 40 என்பார். அதற்குமேல் உங்களிடம் ஒரு பர்சென்ட் தனி. நீங்கள் கொடுத்தது 40,000 என்று நினைக்கிறீர்கள். உண்மையில் கொடுத்தது 2,40,000.

இது ஏதோ நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். இதே ஏற்பாடு 1943-ல் கல்கத்தாவில் எழுத்துமூலமாகவே நடந்திருக்கிறது. கடைசியில் அது இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. 'ஓனர் டைரக்ட்' பற்றிப் பேசும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு.

கல்கத்தா அம்ரதல்லா தெருவில் ஒரு கட்டடம். அதன் உரிமையாளர் 1943 மே மாதம் ஒரு தரகருக்குக் கடிதம் கொடுக்கிறார். ஒரு மாதம் கெடு. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆள் பிடித்தால் 1,000 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் 1,05,000 வரை எவ்வளவு அதிகம் வருகிறதோ, அந்த அதிகம் முழுக்கத் தரகருக்கே. அதற்கும் மேலே போனால், மேலே போனதில் கால் பங்கு கூடுதலாக.

தரகர் கில்லாடி. கெடு முடிவதற்குள் 1,10,000-க்கு ஆள் பிடித்துவிட்டார். எழுத்துமூலமாகவே கேட்டு வாங்கி அனுப்பினார். ஆனால், சில நாட்களிலேயே உரிமையாளர் தரகருக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை ரத்து செய்துவிட்டார். கடைசியில் கட்டடம் யாருக்குப் போனது தெரியுமா? தரகர் பிடித்துவந்த அதே ஆட்கள் கைகாட்டியவர்களுக்கு. விலை 1,05,000.

இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,10,000-க்குத் தரகர் மூலமாகவே முடிந்திருந்தால் அவருக்குச் சேரவேண்டியது 1,000 + 5,000 + 1,250, ஆக 7,250 ரூபாய். அதுபோக உரிமையாளர் கையில் நிற்பது 1,02,750. தரகரைத் தள்ளிவிட்டு 1,05,000-க்கு விற்றால் உரிமையாளருக்கு 2,250 லாபம். வாங்கியவருக்கு 5,000 லாபம். இரண்டையும் கூட்டுங்கள். 7,250! தரகரின் கூலி ஒரு பைசா சிந்தாமல் இரண்டாகப் பங்கு பிரிந்திருக்கிறது.

ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோர்ட் தொடங்கிய அதே 1950-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. தரகருக்கு உரிமையாளர் சார்பில் விற்பனை ஒப்பந்தமே போட்டுவிடும் அதிகாரம் கிடையாது. அவர் வேலை ஆளைக் கொண்டுவருவது. அதைச் செய்துவிட்டார், அந்த வழியிலேயே விற்பனையும் நடந்தது. எனவே, கமிஷன் உண்டு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் சினிமா கொட்டகைகளை விற்றுத் தந்தால் 10,000 பவுண்ட் தருவதாகப் பேச்சு. தரகர் ஆளைக் கொண்டுவந்தார். கொட்டகைக்காரர்கள் மனசு மாறி அவருக்கு விற்கவில்லை. தரகர் வழக்குப் போட்டார். 1941-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கும் புகழ்பெற்ற வழக்கு இது. பிரபுக்கள் சபை கைவிரித்துவிட்டது. விற்பனை முடிந்தால்தான் கமிஷன் என்று பேசியிருக்கிறீர்கள், முடியவில்லை, எனவே, இல்லை. எட்டு ஒன்பது நாள் வேலைக்குப் பத்தாயிரம் பவுண்ட் என்பது இங்கிலாந்தின் தலைமைச் சட்டப் பிரபுவுக்கு ஒரு வருஷச் சம்பளம், அவ்வளவு பெரிய பரிசுக்காக ஒருவர் 'போனால் போகட்டும்' என்று ரிஸ்க் எடுப்பது நியாயம்தான் என்று ஒரு நீதிபதி சொன்னார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதி பளிச்சென்று புரியும். தரகர் எத்தனை நாள் நடந்தார் என்பது கணக்கில்லை. எத்தனை டீ குடித்தார் என்பதும் கணக்கில்லை. அவர் சேர்த்துவைத்ததால் வியாபாரம் நடந்ததா? நடந்திருந்தால், முதுகுக்குப் பின்னால் நடந்தாலும் கூலி உண்டு. நடக்கவில்லையென்றால், வேறு பேச்சு இல்லாதவரை, கூலி இல்லை.

அப்படியானால் கூலி யார் தரவேண்டும்? அமர்த்தியவர் தரவேண்டும். தட்டியில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து நீங்களாகவே ஓனரிடம் போயிருந்தால், பத்திரம் முடிகிற அன்றைக்கு 'நான்தானுங்க இந்த எடத்துக்கு மீடியேட்டர்' என்று ஒருவர் வந்து நின்றால் நீங்கள் தரவேண்டியதில்லை. வாங்குபவர் இத்தனை பர்சென்ட் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கிரதை: வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தான். 'முடிச்சுக் குடுங்க, பாத்துச் செய்யறேன்' என்று நீங்கள் சொல்லி, அவர் வீட்டைக் காட்டி, அதையே நீங்கள் வாங்கினால், 'ரேட் பேசலையே' என்று கழன்றுகொள்ள முடியாது. சும்மா செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தால் ஈடு கொடுக்கவேண்டும் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு.

சரி, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நிஜமாகவே தரகர் வாசனையே இல்லாமல் ஓனரிடமிருந்து வாங்குகிறீர்கள். கமிஷன் மிச்சம்தானே?

மிச்சம்தான். ஆனால், யாருக்கு?

அமெரிக்காவில் மேடிசன் என்ற ஊர். அங்கே ஓனர்களே நேரடியாக வீடு விற்பதற்கென்று ஓர் இணையதளம் நடந்தது. அதன் மூலம் விற்ற வீடுகளையும், ஏஜென்ட் மூலம் விற்ற வீடுகளையும் மூன்று பொருளாதார நிபுணர்கள் ஒப்பிட்டு 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே வழக்கமான கமிஷன் 6 சதவீதம். நேரடியாக விற்ற வீடு 6 சதவீதம் மலிவாகப் போயிருக்கவேண்டும் அல்லவா? போகவில்லை! ஏஜென்ட் மூலம் விற்றபோது கிடைத்த விலைக்கு அது குறைவாகவே இல்லை. விற்க நாள் மட்டும் கூடுதலாக ஆனது. அதாவது, மிச்சமான கமிஷன் வாங்கியவர் பைக்குப் போகவில்லை. அப்படியே விற்றவர் பையில் விழுந்துவிட்டது.

நம்மூரிலும் யோசித்துப் பாருங்கள். 'புரோக்கர்கள் அணுக வேண்டாம்' என்று போட்டவர் யார்? ஓனர். யார் கமிஷன் மிச்சமாவதற்காகப் போட்டார்? தன்னுடையது! உங்களுக்கும் மிச்சம் என்று நீங்கள் சந்தோஷப்படுவது தெரிந்தால், விலையில் இறங்கவே மாட்டார். ஆகவே, நேரடியாகப் போகிறவர் இதை வாய்விட்டுக் கேட்கவேண்டும். 'ஏனுங்க, உங்களுக்கும் தரகு மிச்சம், எனக்கும் மிச்சம். அதுல பாதிய வெலைல கொறைங்க.' கேட்டால் கிடைக்கலாம். கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

தரகர் இருந்தால் மட்டும் உங்களுக்காக உயிரைக் கொடுத்துப் பேசுவார் என்று நினைக்காதீர்கள். சிகாகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி 2008-ல் வந்த ஆய்வு சொல்கிறது: ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 9 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்கிறார்கள். காரணம் சுலபமானது. உங்கள் வீட்டுக்கு விலை ஒரு லட்சம் ஏறினால், ரெண்டு பர்சென்ட் தரகருக்குக் கிடைப்பது 2,000. அதற்காக எதற்கு இன்னும் பத்து நாள்? அவருக்கு வியாபாரம் முடியவேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் அரசாங்கம் இதற்கு ஒரு வரைமுறை வைக்கக்கூடாதா? வைத்தது, பாதி. 1998 அக்டோபரில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கு சேவை வரி விதித்தது மத்திய அரசு. ராஜராஜன் காலத்துத் தரகு வரி திரும்பி வந்துவிட்டது! 2017-ல் அது ஜி.எஸ்.டி.க்குள் போனது. வரி முதலில் வந்தது. ஒழுங்குமுறை அதற்குப் பல வருஷம் கழித்துத்தான். 2016-ல் இயற்றி, 2017 மே முதல் முழுமையாக அமலுக்கு வந்த 'ரெரா' சட்டம்தான் ஏஜென்ட் என்றால் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றது. பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால், பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். அந்தக் கட்டாயம், ரெராவில் பதிவான திட்டங்களில் புரமோட்டர் விற்கும் மனை, ஃபிளாட், கட்டடங்களுக்குத்தான். தளி ரோட்டில் ஒரு தனி மனிதர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது அதற்குள் வராது. எத்தனை பர்சென்ட் வாங்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. உங்களுக்கும் எனக்கும் அதிகம் நடக்கும் வியாபாரம் இன்னும் துண்டுக்கு அடியிலேயே இருக்கிறது.

வெளிநாடுகளில் துண்டை எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2020 டிசம்பர் 23-லிருந்து, விற்பவர் அமர்த்திய தரகருக்கான கூலியை வாங்குபவர் தலையில் முழுசாகக் கட்ட முடியாது. பாதிக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் கான்சாஸ் சிட்டி ஜூரி ஒன்று, கமிஷன் குறையாமல் பார்த்துக்கொண்டதாக ஏஜென்ட்டுகளின் தேசிய சங்கத்துக்கும் சில பெரிய நிறுவனங்களுக்கும் எதிராக சுமார் 180 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. அதில் ஒரு நிபந்தனை 2024 ஆகஸ்ட் முதல் நடப்பில் இருக்கிறது: வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, கூலி எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும்.

இந்த ஒன்றை நாம் சட்டம் வரும்வரை காத்திராமல் இன்றைக்கே செய்யலாம். தரகர் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். எத்தனை பர்சென்ட்? என்னிடம் மட்டுமா, அவரிடமுமா? ஓனர் கைக்கு வரும் விலை என்ன? எப்போது தரவேண்டும், அக்ரிமென்ட் அன்றைக்கா, கிரயத்தன்றைக்கா? ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி, இரண்டு கையெழுத்து. வீட்டை விற்கிறவர் என்றால் கொடுத்த தரகுக்கு ரசீதும் வாங்குங்கள். மூலதன ஆதாய வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

தரகரே வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களா? பேஷாகச் செய்யுங்கள். ஆனால், கௌடில்யரின் நாற்பது குடும்பங்கள் செய்த வேலையை இப்போது நீங்கள் ஒருவரே செய்யவேண்டும். மூலப் பத்திரம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுங்கள். 'ஓனர்' என்று வந்தவர் பவர் பத்திரத்தை நீட்டினால் அவர் ஓனரே இல்லை. வெறும் பவரை வைத்துச் செய்யும் விற்பனையால் சொத்து கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது. உண்மையான ஓனர் உயிரோடு இருக்கிறாரா, அந்தப் பவர் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டு, முறைப்படி பதிவாகும் கிரயப் பத்திரத்துக்குத்தான் பணம் கொடுக்கவேண்டும்.

இத்தனையும் செய்தால் அந்த 40,000 உங்களுக்கு மிச்சமில்லை. நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. ஏதும் செய்யாமல் மிச்சம் என்று நினைத்தால், அதைவிடப் பெரிய தொகை எங்கேயோ காத்திருக்கிறது. இன்னொருவர் காட்டிய வீட்டை அவருக்குத் தெரியாமல் முடித்துவிட்டு மிச்சம் என்று நினைத்தால், அது மிச்சமே இல்லை. அவருடைய கூலி.